உடைக்காமல் கட்டிய அடுக்களை

1. ஓசை நின்ற காலை

அன்று காலை தெருமுனையில் மிதிவண்டியை விட்டு இறங்கும்போதே வேலை நின்றுபோயிற்று என்பதை உணர்ந்தேன். சுவர் இடிக்கும் வீட்டின் ஓசை நெடுந்தொலைவு கேட்கும். முந்தைய நாள் கேட்ட அந்த ஓசை அன்று இல்லை. வீட்டின் முன்னிருந்த வேப்பமரத்தடியில் அந்தோணிக் கொத்தனார் அமர்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கடப்பாரையும் சாந்து பூசும் கரணையும் மட்டப்பலகையும் அவரருகே ஒரு சாக்கின்மேல் கிடந்தன.

“என்ன அந்தோணி, இன்னைக்கு மேல்சுவத்துல சன்னல் தெறக்கணும்னு பேசினோமே?” என்றேன்.

“தெறக்கத்தான் கடப்பாரய எடுத்தேன் டீச்சரம்மா. வீட்டு ஆத்தா ஓடியாந்து குறுக்க நின்னுக்கிட்டாக. ஏன்னு கேட்டா, ஆம்பளகிட்டச் சொல்ற சேதி இல்லேங்கிறாக. டீச்சரு வரட்டும், செத்த நேரம் ஒக்காருன்னாக. ஒக்காந்திருக்கேன். ஒக்காந்ததுக்கும் கூலி உண்டுல்ல?”

நான் எந்தப் பள்ளியிலும் ஆசிரியராய் இருந்ததில்லை. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கிராம சேவிகையாகப் பணியாற்றினேன். ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஊர்ப்புறத்துக்கு வந்த இப்பதவிக்கு மக்களிடம் பெயர் இல்லை. ஆகவே டீச்சர் என்றே அழைத்தனர். குழந்தை வளர்ப்பு, வீட்டுத் தோட்டம், புகையில்லா அடுப்பு ஆகியவை எங்கள் பொறுப்புகள். அவற்றோடு ‘கிச்சன் இம்ப்ரூவ்மெண்ட்’ என்று அலுவலகம் பெயரிட்டிருந்த அடுக்களைச் சீரமைப்பும் எங்கள் தலையில் இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர்கள் என் வட்டத்தில் அடங்கின.

உள்ளே சென்றேன். பழைய அடுப்பு முந்தைய நாளே பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தது. அது இருந்த இடத்தில் கருகிய மண் குவிந்து கிடந்தது. சுவரெல்லாம் பல தலைமுறைப் புகை படிந்து, தொட்டால் விரலில் ஒட்டும் கருமை. வீட்டுக்கு மூத்தவரான வீராயி அம்மாள் அந்த மண் குவியலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்தார், காவலுக்கு நிற்பவரைப் போல. அவருடைய மருமகள் அழகுத்தாய் தானியக் குலுக்கையில் சாய்ந்து தலை குனிந்திருந்தாள்.

“மருமக முழுகாம இருக்கா டீச்சரம்மா. நேத்து சாயந்தரந்தான் மருத்துவச்சி நாடி பிடிச்சுச் சொன்னா.”

மணமாகிப் பல ஆண்டுகள் கழித்து வந்த செய்தி. “நல்ல சேதிதானே அம்மா,” என்றேன்.

“நல்ல சேதிதான். அதுனாலதான் சொல்றேன். இனி இந்த வீட்டுல ஒரு அடி விழக்கூடாது. இடிக்கக்கூடாது, ஒடைக்கக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது. புள்ள பொறந்து எந்திரிக்கட்டும். பெறகு நீங்க வீட்டையே பேத்துப் போட்டாலும் நான் ஏன்னு கேக்கல.”

கருவுற்ற பெண் வாழும் வீட்டில் எதையும் இடித்தலும் உடைத்தலும் ஆகா என்னும் வழக்கம் எனக்குப் புதிதன்று. என் தாய்வீட்டிலும் அது இருந்தது. ஆயினும் பழைய அடுப்பு போய்ப் புதிய அடுப்பு வராத நிலையில், ஐப்பசி மழை தொடங்கிய வேளையில், அவ்வழக்கம் குறுக்கே வந்து நின்றது எனக்கு அதுவே முதல் முறை.

2. அடுப்புக்கு அளவெடுத்தல்

இவ்வீட்டுக்கு நான் வந்தது எப்படி என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அழகுத்தாய்க்கு மூச்சு வாங்கும் இளைப்பு நோய். அய்யலூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தாய்வீட்டில் இருந்தவரை நோய் தெரியவில்லை. இங்கே தரையோடு தரையாக இருந்த அடுப்பின் முன் குந்தி, பருத்திமார் என்னும் காய்ந்த பருத்திக் குச்சிகளையும் சோளத்தட்டையையும் திணித்து, ஊதுகுழலால் ஊதி ஊதி அது முற்றிவிட்டது. அந்த அடுக்களைக்குச் சன்னலே கிடையாது. புகை ஓட்டு இடுக்குகளின் வழியே தானாக வெளியேற வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. திண்டுக்கல்லில் மருத்துவம் பார்த்த டாக்டரம்மா, “புகைகிட்டப் போனேன்னா என்கிட்ட வராதே,” என்று கடிந்து அனுப்பினாராம்.

உறவினர் வேறு மருந்து சொன்னார்கள். பிள்ளையும் இல்லை, அடுப்பூதவும் முடியவில்லை. அவள் கணவர் பெருமாள்சாமிக்கு இன்னொரு பெண்ணைப் பார்த்தால் என்ன என்று மாமன் முறையார் ஒருவர் வீடு தேடி வந்தே கேட்டுவிட்டுப் போனார். பெருமாள்சாமி எதற்கும் வாய் திறவாதவர். தோட்டத்துக் கிணற்றடியே அவருக்கு உலகம். விடை சொன்னவர் வீராயி அம்மாள்தான். என்னிடமும் அதையே சொன்னார்:

“மருமகள மாத்துறதுக்கு முன்னால அடுப்ப மாத்திப் பாப்போம்னுதான் ஒங்களக் கூப்ட்டேன் டீச்சரம்மா. அடுப்பு நம்ம பேச்சக் கேக்கும். வர்றவ கேப்பாளான்னு யாருக்குத் தெரியும்?”

ஆகவே பிளான் போட்டேன். அடுப்பு தரையிலிருந்து எழும்பி மேடைக்கு வர வேண்டும். அது செங்கல்லும் வைக்கோல் பிசைந்த மண்ணும் கொண்டு கட்டிய புகையில்லா அடுப்பாக இருத்தல் வேண்டும். முன்புறம் விறகிடும் வாய். மேலே பானை வைக்க இரண்டு கண்கள். அவற்றின் அடியில் புகைவழி. அதன் முடிவில் சுட்ட மண்குழாயாலான புகைபோக்கி. குழாயை மேற்குப் பக்கத்து மேல்சுவரில் துளையிட்டு வெளியே செலுத்தி, அதன் பக்கத்திலேயே ஒரு சன்னலும் திறப்பதென்று வரைந்திருந்தேன். தண்ணீர்ப் பானைகளுக்கு ஒரு திட்டும், பாத்திரம் கழுவும் அங்கணத்துக்குச் சரிவான வாய்க்காலும் பிளானில் இருந்தன.

மேடையின் உயரத்தை அலுவலகத்து அச்சுப்படத்தில் கண்டபடி நான் வைப்பதில்லை. சமைப்பவரை நிற்கவைத்து முழங்கைக்குக் கீழே எவ்வளவு என்று பார்ப்பேன். அழகுத்தாயை நிறுத்தி அளவுநாடாவைப் பிடித்தபோது அவள் சிரித்துவிட்டாள்.

“ரவிக்கைக்குத்தான் அளவெடுப்பாக. அடுப்புக்குமா?”

“நின்னுக்கிட்டே சமைக்கப் போறா மகாராணி,” என்றார் வீராயி அம்மாள். “அப்ப திங்கிறதும் நின்னுக்கிட்டேதானா டீச்சரம்மா? இல்ல, ஒக்காந்து திங்க அனுமதி உண்டா?”

மாமியாரின் பகடிக்கு மருமகள் சிரித்தாள். சிரித்த சிரிப்பே இளைப்பாக மாறி, சுவரைப் பற்றிக்கொண்டு நின்றாள். வீராயி அம்மாள் உடனே அவள் முதுகை நீவத் தொடங்கினார். அந்தக் காட்சியைக் கண்டபின் இந்த வேலையை எப்படியும் முடித்துவிட வேண்டுமென்று எனக்குள் உறுதி கொண்டேன்.

3. மாட்டுக்கொட்டகையில் சமையல்

வேலை நின்ற பின் சமையல் மாட்டுக்கொட்டகையின் ஓரத்துக்குப் போயிற்று. மூன்று கற்களைக் கூட்டி, சோளத்தட்டைப் படலால் ஒரு மறைப்பு வைத்தார்கள். சில நாள்களுக்கென்று செய்த ஏற்பாடு பிள்ளைப்பேறு வரை நீளும் போலாயிற்று.

அடுக்களைச் சீரமைப்பில் பிளான் போடுவதைவிட, பழையது போய்ப் புதியது வரும் வரையில் அந்த வீட்டார் வாழ்வதுதான் கடினமான பகுதி. இளைய பணியாளர்கள் இதை மனத்தில் இருத்துதல் நன்று. உப்புச்சட்டியைக் கன்று நக்கிவிடும். அம்மி ஓரிடத்திலும் அடுப்பு வேறிடத்திலும் இருப்பதால் மசாலை அரைத்தவர் மழையில் நனைந்து கொண்டுவர வேண்டும். ஒரு நாள் களி கிண்டிக்கொண்டிருக்கும்போதே படல் சரிந்து பானையில் விழுந்தது. அன்று பெருமாள்சாமிக்குப் பழைய கூழும் வெங்காயமும்தான் கிடைத்தன. அதை உண்டுவிட்டு அவர் சொன்ன ஒரே சொல், “வெஞ்சனம் நல்லாருக்கு,” என்பது.

“வெங்காயத்த நறுக்கி வச்சதுக்கே இம்புட்டுப் பாராட்டு,” என்றாள் அழகுத்தாய். அதைச் சொல்லி முடிக்க அவள் இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

நனைந்த பருத்திமாரின் புகை மற்றப் புகையைப் போன்றதன்று. கண்ணில் ஈட்டியாய்ப் பாயும். படலுக்கும் கொட்டகைக் கூரைக்கும் இடையில் அது தேங்கி நின்றது. வீராயி அம்மாள் முடிந்தவரை தாமே சமைத்தார். ஆனால் தோட்டத்தில் களையெடுப்பு நாள்களில் அவரும் போயாக வேண்டும். அன்றெல்லாம் அடுப்பின்முன் அழகுத்தாய்தான். ஒருநாள் நான் சென்றபோது அவள் படலுக்கு வெளியே மழையில் நின்று மூச்சிழுத்துக்கொண்டிருந்தாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. உள்ளே போனால் புகை, வெளியே நின்றால் குளிர். வயிற்றில் குழந்தை. மாமியார் எந்த ஆபத்தை அஞ்சி வேலையை நிறுத்தினாரோ அதைக் காட்டிலும் பெரிய ஆபத்து அந்தப் படலுக்குள் அவளுக்காகக் காத்திருந்தது.

அலுவலகத்தில் என் மேலதிகாரியான வட்டார அலுவலர் வேறொரு நெருக்கடியில் இருந்தார்.

“என்னம்மா, வேடசந்தூர் ரோட்டு மாடல் கிச்சன் எந்த ஸ்டேஜ்ல இருக்கு? மழை விடுறதுக்குள்ள இன்ஸ்பெக்‌ஷன் வருது. காட்டுறதுக்கு ஒண்ணாவது வேணும்.”

நிலைமையைச் சொன்னேன்.

“அந்த அம்மாகிட்ட எடுத்துச் சொல்லுங்க. இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் மாத்தத்தானே உங்களுக்கு டிரெயினிங் குடுத்திருக்கு? இல்லேன்னா வேற வீடு பாருங்க. சிமெண்ட் பெர்மிட்டும் குழாயும் அந்த வீட்டுப் பேர்ல தூங்கிக்கிட்டு இருக்கறத நான் எப்படி நியாயப்படுத்துறது?”

அவர் கடுமையான மனிதரல்லர். அவர் கூறியதிலும் நியாயம் இருந்தது. அடுத்த நாளே எடுத்துச் சொல்வதற்காகச் சென்றேன். பயிற்சியில் இத்தகைய மறுப்புகளுக்கெல்லாம் விடைகள் கற்பித்திருந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வீராயி அம்மாள் குறுக்கிடாமல் கேட்டார். பின்பு, மருமகள் சாய்ந்து நிற்கும் வழக்கமுடைய அந்தக் குலுக்கையைச் சுட்டிக்காட்டினார்.

“இது என் மாமனாரு காலத்துல வாங்குனது. மண்குலுக்கை, பெருசு. கதவு வழியா உள்ள வரல. நிலைக்கு ஓரமா செவத்த ஒடச்சுத்தான் உள்ள ஏத்துனாக. நான் அப்ப மூத்தவனச் சொமந்துக்கிட்டிருந்தேன். ஒடைக்கயில நான் இங்கனதான் நின்னேன். ஒவ்வொரு அடியும் இங்க விழுந்துச்சு,” என்று தம் வயிற்றைத் தொட்டார். “புள்ள உசுரில்லாமப் பொறந்துச்சு. ஒடச்சதுனாலயான்னு எனக்குத் தெரியாது டீச்சரம்மா. நீங்க படிச்சவுக, இல்லேங்கிறீக. இல்லாமலே இருக்கட்டும். நான் மறுவாட்டி நின்னு பாக்க மாட்டேன்.”

எனக்குக் கற்பிக்கப்பட்ட விடைகள் நம்பிக்கைகளுக்கு உரியவை. அவர் பேசியது ஒரு குழந்தையைப் பற்றி. நான் மிதிவண்டியை எடுத்தேன்.

4. எது உடைத்தல், எது அன்று

திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே மிதித்தேன். அவர் சொன்ன விலக்கு இடிப்பதற்கும் உடைப்பதற்கும் மட்டுமே, கட்டுவதற்கு அன்று. இந்த வேறுபாட்டை அவரும் நானும் இதுவரை பேசவில்லை. மறுநாள் அதைக் கேட்டேன்.

“அம்மா, புதுசாக் கட்டலாமா?”

“கட்டலாம். கட்டுறதுல குத்தமில்ல.”

“கூரை ஓடுகளைப் பிரிக்கலாமா?”

“வருசா வருசம் ஓடு மாத்துறோம். யாரு வீட்டுல எவ மாசமா இருக்கான்னு பாத்தா மாத்துறோம்? அது பிரிக்கிறது, ஒடைக்கிறது இல்ல.”

“குழி தோண்டலாமா?”

“கூடாது.”

“சுவரைச் சுரண்டிப் பூசலாமா?”

இதற்குள் அடுத்த வீட்டுப் பெண்ணும் வந்து சேர்ந்தாள். சுரண்டுதல் ஆகாது என்றாள் அவள். சுண்ணாம்பு அடிக்கும் முன் எல்லோரும் சுரண்டுகிறார்களே என்றார் வீராயி அம்மாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பூசலாம் என்று முடிவாயிற்று. மரத்தை அறுக்கக் கூடாது. கயிற்றால் கட்டியதை அவிழ்க்கலாம். இப்படி ஒரு சட்டமே உருவாயிற்று.

என் அழைப்பில் அன்று வந்து, மரத்தடியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தோணி குரல் கொடுத்தார்: “ஆத்தா, செங்கல்லு?”

“செங்கல்லுக்கு என்ன?”

“முழுக்கல்லா வச்சுக்கிட்டே போனா செவரு நிக்காது. மூலைக்கு அரைக்கல்லு, முக்காக்கல்லு வேணும். கரணையால தட்டி ஒடைச்சாத்தான் கெடைக்கும்.”

“இந்த வீட்டு எல்லைக்குள்ள ஒடைக்காத.”

“கொத்தனாரு கையில கரண இருந்தா கல்லத் தட்டாம இருக்காது ஆத்தா. கைய வேணாக் கட்டிப் போட்டுட்டு வேல பாக்கட்டா?”

“கட்டிப் போடு. வாயையும் சேத்துக் கட்டு.”

பிளானை மாற்றி வரைந்தேன். மேல்சுவர் தொடப்படாமல் நிற்கும். புகைபோக்கி சுவர் வழியே அன்றி நேரே மேலெழுந்து கூரையைத் தாண்டும். அதற்குக் கூரையில் ஓடு தாங்கும் வரிச்சுகளில் ஒன்றை விலக்க வேண்டும். பனைநாரால் கட்டியிருந்தமையால் அறுக்காமல் அவிழ்க்க முடிந்தது. கிடைத்த இடைவெளி அலுவலகம் தந்த குழாய்க்குப் போதவில்லை. திண்டுக்கல்லுக்குச் சென்று குயவரொருவரிடம் குறுகலான குழாய்களைச் சொல்லிச் செய்வித்தேன். குறுகிய குழாய் புகையை இழுக்குமா என்ற ஐயத்தால் அதன் உயரத்தைக் கூட்டினோம். சன்னல் இல்லாத குறைக்கு, ஓடு பிரித்த இடத்திலேயே ஒரு கண்ணாடிச் சில்லைப் பொருத்தி வெளிச்சத்துக்கு வழி செய்தோம். குழி தோண்டலாகாது என்பதால் அங்கணத்து வாய்க்காலைத் தரைக்கு மேலேயே சரிவாகக் கட்டினோம்.

அரைக்கற்களை ஊருக்கு வெளியே செங்கற்சூளையில் வைத்து அந்தோணி உடைத்தார். எந்த வரிசையில் எத்தனை வேண்டுமென்று முதலிலேயே கணக்கிட்டு, கயிற்றில் முடிச்சிட்டு அளவு கொண்டுபோனார். உடைத்த கற்கள் வண்டியில் வந்தன. வேலை செய்யும் இடத்தில் தட்டும் ஓசையே இல்லாமல் ஒரு சுவர் எழுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை; பின்னும் கண்டதில்லை. சாந்து தேய்க்கும் ஓசை, தண்ணீர் தெளிக்கும் ஓசை, அந்தோணியின் முணுமுணுப்பு ஆகியவை மட்டுமே கேட்டன. வீராயி அம்மாள் களையெடுப்புக்குப் போவதைக்கூட விட்டுவிட்டு வாயிற்படியில் அமர்ந்து அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5. ஒரு செங்கல்

மேடையும் அடுப்பும் ஏறத்தாழ முடிந்துவிட்டன. புகைபோக்கியின் அடியில், மூலையோடு சேருமிடத்தில், ஒரே ஒரு கல் வைக்க வேண்டியிருந்தது. அன்று வானம் மூட்டமாக இருந்தது. மழைக்கு முன் குழாயைச் சுற்றிப் பூசிவிட வேண்டுமென்று எல்லோருக்கும் அவசரம். நான் மேடையின் ஒரு முனையில் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகுத்தாய் அந்தோணிக்கு மிக அருகில் நின்று, நனைத்த வைக்கோலைப் பிரித்து மண்ணில் போட்டுக்கொண்டிருந்தாள். வீராயி அம்மாள் வாயிற்படியில் இருந்தார்.

அந்தோணி ஒரு முழுக்கல்லை எடுத்து அவ்விடத்தில் வைத்துப் பார்த்தார். நீண்டது. வெளியே எடுத்தார். பல்லாண்டுப் பழக்கமுடைய கை அது. அவர் எண்ணுவதற்குள் இடக்கையில் கல்லைத் திருப்பி, கரணையின் விளிம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டது. கல் இரண்டாகப் பிளந்தது. சிறிய அறையில் அவ்வோசை பெரிதாகக் கேட்டது.

அந்தோணி இரு கைகளிலும் இரண்டு பாதிகளை ஏந்தியபடி நின்றார். அவர் முகத்தில் எப்போதுமிருந்த குறும்பு வடிந்துபோயிருந்தது. வீராயி அம்மாள் படியிலிருந்து எழுந்துவிட்டார். அவருடைய வலக்கை வயிற்றின்மேல் இருந்தது. அவருடைய சொந்த வயிற்றின்மேல். அவர் வாய் திறந்தால் வேலை அன்றோடு நின்றுவிடும். அடுப்பு பூசப்படாமல், ஓடு பிரித்த இடத்தின் வழியே இறங்கும் மழையில் கரையும். குழாய் வேறு வீட்டுக்குப் போகும். அழகுத்தாய் மீதமுள்ள மாதங்களையும் அந்தப் படலுக்குள் கழிப்பாள். நான் மட்டப்பலகையை மேடைமேல் வைத்துவிட்டு அவரை நோக்கித் திரும்பினேன்.

பேசியவள் அழகுத்தாய்தான். கையிலிருந்த வைக்கோலைப் பிரித்தபடியே, தலை நிமிராமல் பேசினாள்.

“ஏண்ணே நிக்கிறீக? சாந்து காயுது.”

“தாயி, நான் வந்து…”

“என்ன?”

“சத்தம்…”

“என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலியே.” பின்பு மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். “அத்தெ, ஒங்களுக்கு எதும் கேட்டுச்சா?”

அடுத்த வீட்டுக் கோழி முட்டையிட்டுக் கொக்கரித்தால் எந்த மூலையில் இட்டது என்று சொல்லக்கூடியவர் வீராயி அம்மாள். அவர் மருமகளின் முகத்தைப் பார்த்தார். அவளுடைய நெஞ்சுக்குழி மூச்சுக்கு மூச்சு உள்வாங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்தார்.

“எனக்கென்ன கேக்கப் போகுது,” என்றார் கடைசியில். “வயசாச்சுல்ல. காது மந்தம்.” மறுபடியும் படியில் உட்கார்ந்தார். “வச்சுக் கட்டுப்பா. மழ வருது.”

அந்தோணி பாதிக்கல்லை வைத்தார், சரியாகப் பொருந்தியது. மீதிப் பாதியைத் தலைத்துண்டில் முடிந்துகொண்டார். மாலையில் புறப்பட்டபோது அதை ஊரெல்லைக்கு அப்பால் எறிந்துவிட்டுப் போனதாகப் பின்னர்ச் சொன்னார். மாதா கோவிலில் ஒரு மெழுகுவத்தியும் ஏற்றினாராம். “ரெண்டு சாமிக்கும் கணக்குத் தீந்துரணும்ல டீச்சரம்மா,” என்றார்.

6. சித்திரை

அடுப்பு உலர்ந்த பின் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சினார்கள். பருத்திமார் முதலில் சற்று எரியத் தயங்கியது. பானையின் அடிப்பாகம் அடுப்புக் கண்ணில் சரியாக அமராமல் ஓரத்தில் புகை கசிந்தது. ஈரமண்ணால் ஒரு வளையம் வைத்ததும் நின்றது. புகையோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் குழாய்க்குள் வைத்திருந்த அடைப்புத் தகட்டை இழுத்துவிட்டேன். வாசலில் நின்றிருந்த பெருமாள்சாமி கூரையை அண்ணாந்து பார்த்தார். ஓட்டுக்கு மேலே புகை ஒரு கோடாக எழுந்து வேம்பின் பக்கம் சாய்ந்தது. அழகுத்தாய் அடுப்பின் முன் நின்றிருந்தாள். இருமல் வருமென்று எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருமல் வரவில்லை.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரிகள் அந்த அடுக்களையைக் கண்டு மகிழ்ந்தனர். ஒருவர் மட்டும், “சன்னல் ஏன் வைக்கல?” என்று கேட்டார். என் அலுவலர் சற்றும் தயங்காமல், “ஓவர்ஹெட் லைட்டிங் சார், புது டிசைன்,” என்றார். நான் அவரைத் திருத்தவில்லை.

நோய் முழுதும் நீங்கிவிட்டது என்று சொல்வது மிகையாகும். பனிக்காலத்தில் இளைப்பு வரத்தான் செய்தது. ஆனால் உதடு நீலம் பாரித்ததை நான் மறுமுறை காணவில்லை. சித்திரையில் ஆண் குழந்தை பிறந்தது. செய்தி கேட்டுச் சென்றேன். குழந்தை தூளியில் கிடந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அழகுத்தாய் களைத்து உறங்கிக்கொண்டிருந்தாள். வீராயி அம்மாள் எனக்கு மோர் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். தூளியின் கயிற்றை இழுத்து ஆட்டிவிட்டார்.

“அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு டீச்சரம்மா.”

“தெரியும் அம்மா.”

“பெறகும் தெனமும் கேட்டுச்சு. அவ செருமுனாக் கேக்கும். கெணத்தடியில கால் வழுக்குனாக் கேக்கும். தூக்கத்துல பொரண்டு படுத்தாக் கேக்கும். அவகிட்டயும் சொல்லல, மகன்கிட்டயும் சொல்லல.” தூளியைப் பார்த்தார். “இவன் பொறந்து கத்துனான் பாருங்க, அப்பத்தான் நின்னுச்சு.”

அதுவரை அந்த வீட்டில் மருமகளின் துணிவால் மட்டுமே அடுக்களை முடிந்தது என்று எண்ணியிருந்தேன். துணிவு ஒருத்தியுடையது, அதன் சுமையை மாதக்கணக்கில் சுமந்தவர் மற்றொருவர் என்பது அன்றுதான் விளங்கிற்று. காது மந்தம் என்று சொல்லிப் படியில் உட்கார்ந்த அந்த ஒரு நொடியில் அவர் எதை ஏற்றுக்கொண்டார் என்பதை, பக்கத்தில் நின்ற நான் அறியவில்லை.

பின்னர்ப் பல ஊர்களில் பல அடுக்களைகளைச் சீரமைத்தேன். உள்ளே நுழைந்தவுடன் அளவுநாடாவை விரிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். “இந்த வீட்டுல எதைத் தொடக்கூடாது?” என்று முதலில் கேட்பேன். ஒரு வீட்டில் அம்மி இருக்கும் இடம் என்பார்கள். ஒரு வீட்டில் ஒரு மாடக்குழி. ஒரு வீட்டில் கதவுக்குப் பின்னால் கரியால் இட்ட கோடுகள். காரணம் கேட்டால் சிலர் சொல்வார்கள், சிலர் சொல்லமாட்டார்கள். சொல்லாதவர்களிடம் நான் வற்புறுத்தியதில்லை. அந்த இடத்தைச் சுற்றி ஒரு கட்டமிட்டு, எஞ்சிய இடத்தில் பிளான் போடுவேன். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அடுக்களைக்குள் நிற்கும் பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அதற்கு முன் அவர்களிடம் எவரும் அதைக் கேட்டிருக்கவில்லை.